எலும்புப் புற்றுநோயும் உயிர்வாழ்வும்: குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில், மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை முழுமையாகப் பின்தொடர முடியாத பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் மொழித்துணையாகச் சில ஆண்டுகளாக மருத்துவமனைகளுக்குப் போய் வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆலோசனை அறையை விட்டு வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில், ஏறத்தாழ எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு காலம் இருப்பார்?" அதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல இயலாது, அது எவற்றைப் பொறுத்தது என்று சொல்ல இயலும். அவற்றுள் சில, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தீர்மானமாகிவிட்டவை; சில இன்னும் நம் கையில் இருப்பவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையற்ற குற்றவுணர்வும், அதைவிட ஆபத்தான அலட்சியமும் வருகின்றன என்பது என் எண்ணம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு எலும்பில் புற்றுநோய் இருக்கிறதாம். அப்படியென்றால் எலும்புப் புற்றுநோய்தானே?

பெரும்பாலும் இல்லை. வயது வந்தோரின் எலும்பில் காணப்படும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை வேறோர் உறுப்பில் தோன்றி எலும்புக்கு வந்து சேர்ந்தவை. மார்பகம், புரோஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் நோய்கள் எலும்பை நாடிச் செல்வதில் பேர்போனவை. புரோஸ்டேட்டிலிருந்து முதுகெலும்புக்கு வந்தது புரோஸ்டேட் புற்றுநோயாகவே கருதப்பட்டு, அதற்குரிய மருந்துகளே கொடுக்கப்படும். ஆயுள் கணக்கும் அந்த நோயின் கணக்குதான். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மயலோமாவோ இரத்தப் புற்றுநோய் மருத்துவர்களின் பொறுப்பில் வரும்.

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய் மிக அரிது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் அதன் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இங்கே "எலும்புப் புற்றுநோய்" என்று எழுதும் இடங்களில் எல்லாம் இதையே குறிக்கிறேன். ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனையாவது கட்டம்" என்பதன்று, "எங்கே தோன்றியது" என்பதே.

அதிலும் வகைகள் உண்டு என்றார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, புற்றுநோய் புற்றுநோய்தானே?

பெயரிலேயே பாதிப் பதில் அடங்கியிருக்கிறது. ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் பதின்ம வயதினரை, உயரம் வேகமாகக் கூடும் காலத்தில், முழங்காலை ஒட்டிய எலும்புகளில் தாக்குகிறது. யூயிங் சார்கோமாவும் இளையோர் நோயே. ஆனால் அது இடுப்பெலும்பிலும் விலா எலும்பிலும் அடிக்கடி வரும், கதிர்வீச்சுக்கும் நன்கு கட்டுப்படும். காண்ட்ரோசார்கோமா குருத்தெலும்புத் திசுவிலிருந்து நடுத்தர வயதிலும் முதுமையிலும் வருவது. இதன் வழக்கமான வகைக்குக் கீமோவும் கதிர்வீச்சும் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதால், அறுவை சிகிச்சை எவ்வளவு முழுமையாக அமைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நிற்கிறது.

வகைக்குள்ளேயே "தரம்" என்று ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் நோயின் உயிரணுக்கள் இயல்பான உயிரணுக்களிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பதன் அளவு அது. விலகல் குறைந்தால் தரமும் குறைவு. தரம் குறைந்த காண்ட்ரோசார்கோமா உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். அதே நோயின் மிகக் கடுமையான, உருமாறிய வகையில் கால்வாசிப் பேர்கூட அதைக் கடப்பதில்லை. ஒரே பெயருக்குள் இவ்வளவு இடைவெளி இருப்பதால், பக்கத்து புளோக்கில் இருந்த யாரோ ஒருவரின் கதையை வைத்து உங்கள் வீட்டு நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம்.

ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 விழுக்காடு என்கிறார்கள். ஐந்து வருடம்தான் இருப்பானா?

இல்லை. ஐந்தாண்டு என்பது அளவுகோலின் நீளமே தவிர, ஆயுளின் நீளம் அன்று. நூறு பேரைத் தொடர்ந்து கவனித்ததில், நோய் கண்டறியப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் 70 பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த நோய் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ஆகவே ஐந்தாண்டைக் கடந்த பெரும்பாலோர் அதன் பிறகும் நெடுநாள் வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1968 முதல் புற்றுநோய்ப் பதிவகம் இயங்கி வந்தாலும், இவ்வளவு சிறிய நாட்டில் இவ்வளவு அரிய நோய்க்கு உள்ளூர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு உறுதியான விழுக்காடு எடுப்பது கடினம். மருத்துவர் சொல்லும் எண் பெரும்பாலும் மேலை நாட்டுப் பெரிய ஆய்வுகளிலிருந்து வருவது. அதுவும் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு.

நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்கிறார். முழங்கால் நோய்க்கு நெஞ்சில் எதற்கு ஸ்கேன்?

உயிர்வாழ்வைத் தீர்மானிக்கும் காரணங்களில் எல்லாவற்றிலும் கனமானது இதுதான். எலும்புப் புற்றுநோய் அணுக்கள் இரத்த ஓட்டத்தில் கலந்து முதலில் சென்று தங்குமிடம் பெரும்பாலும் நுரையீரல். எனவே நெஞ்சுக்குச் சிடி ஸ்கேன் எடுக்காமல் கட்டத்தைக் கணிக்க மாட்டார்கள். கண்டறியும்போது வேறெங்கும் பரவாத ஆஸ்டியோசார்கோமாவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு. பரவியிருந்தால் அது 20 முதல் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. யூயிங் சார்கோமாவிலும் ஏறக்குறைய இதே அளவு இறக்கம் உண்டு.

ஆனால் "பரவிவிட்டது" என்பதும் ஒரே நிலை அன்று. நுரையீரலில் மட்டும் சில முடிச்சுகள் இருப்பதற்கும், மற்ற எலும்புகளுக்கோ மஜ்ஜைக்கோ சென்றிருப்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னது ஓரளவு நம்பிக்கைக்கு இடமளிப்பது. அந்த முடிச்சுகளை அறுவை சிகிச்சையால் முழுவதும் அகற்ற முடிந்தால் நிலைமை மேலும் மாறும்.

கட்டி பெரிதாக இருந்தால், அல்லது இடுப்பில் இருந்தால், கூடுதல் ஆபத்தா?

ஆம், இரண்டுமே எண்ணைக் கீழே இழுப்பவை. கட்டத்தைக் கணிக்கும் முறையில் எட்டு சென்டிமீட்டர் ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேற்பட்ட கட்டி தனிப் பிரிவில் வைக்கப்படுகிறது. கை கால்களில் உள்ள கட்டியைவிட இடுப்பெலும்பு, முதுகெலும்பு, அதன் அடியில் உள்ள திரிகம் ஆகியவற்றில் உள்ள கட்டி கடினமானது. அங்கே கட்டி வெகுநாள் வெளியே தெரியாமல் வளர்கிறது. பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருங்கி இருப்பதால், சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து வெட்டியெடுக்கவும் இடம் போதாது.

கத்தி எட்டாத இடங்களில் கதிர்வீச்சுக்குப் பங்கு கூடுகிறது. மண்டையோட்டின் அடித்தளத்திலும் முதுகெலும்பிலும் வரும் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா போன்றவற்றுக்குப் புரோட்டான் கதிர்வீச்சு பயன்படுகிறது. அந்த வசதி 2023 முதல் சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்திலேயே உண்டு.

என் மகனுக்கு 15 வயது. வயது குறைவு என்பதால் தாங்கிக்கொள்வானா?

பொதுவாக ஆம். 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆஸ்டியோசார்கோமாவில் பலன் குறைவாகவே காணப்படுகிறது. கீமோ மருந்துகளை இளைய சிறுநீரகமும் இதயமும் தாங்கும் அளவுக்கு முதிய உடல் தாங்குவதில்லை. மருந்தளவைக் குறைக்க நேர்கிறது. முதியவர்களுக்கு இந்நோய் இடுப்பிலும் முதுகெலும்பிலும் வருவதும், முன்பு வேறு நோய்க்காகக் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் வருவதும் அதிகம். வயது மட்டுமே தனியாகச் செய்யும் வேலை இல்லை இது. வயதோடு கூடவே வருபவை சேர்ந்து செய்யும் வேலை.

இரத்தப் பரிசோதனையில் இரண்டு எண்கள் சிவப்பாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

அவை அல்கலைன் பாஸ்பட்டேஸ், எல்டிஎச் எனப்படும் நொதிகளாக இருக்கலாம். சிகிச்சைக்கு முன் இவை மிகவும் உயர்ந்திருப்பது, உடலில் நோயின் சுமை அதிகம் என்பதற்கான அடையாளங்களுள் ஒன்று. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், அந்தச் சிவப்பு மையை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

காலை எடுத்துவிட்டால் உயிர் நிச்சயமாகப் பிழைக்கும் அல்லவா? கால் போனாலும் பரவாயில்லை, பிள்ளை இருந்தால் போதும்.

இதை என்னிடம் கேட்காத தாய் இல்லை. வருத்தமான உண்மை என்னவென்றால், காலை எடுப்பது மட்டும் உயிரைக் காப்பதில்லை. 1970களுக்கு முன்பு ஆஸ்டியோசார்கோமாவுக்குக் கால் நீக்கமே சிகிச்சை. அப்படிச் செய்தும் பிழைத்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அளவே. ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதே கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் நுரையீரலில் குடியேறிவிட்டிருந்தன என்பதே காரணம். அந்த அணுக்களை அழிக்கும் கீமோ மருந்துகள் வந்த பிறகுதான் எண் மேலேறியது. கனடாவைச் சேர்ந்த டெரி ஃபாக்ஸ் 1977-இல் தம் வலக்காலை இழந்தபோது, பிழைப்பதற்கு ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டென்றும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அது 15 விழுக்காடாக மட்டுமே இருந்திருக்கும் என்றும் அவரிடம் சொல்லப்பட்டது. 1980-இல் செயற்கைக் காலுடன் 5,373 கிலோமீட்டர் ஓடிய அவரை நிறுத்தியதும் நுரையீரலுக்குப் பரவிய அதே நோய்தான். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டியுள்ள எலும்பை மட்டும் அகற்றி, உலோக மூட்டையோ வேறு எலும்பையோ பொருத்திக் காலைக் காப்பாற்றுகிறார்கள். கட்டியைச் சுற்றி நோயற்ற திசு ஓர் உறைபோல் சேர்ந்து வெளிவருமாறு வெட்ட முடிந்தால், கால் இருந்தாலும் போனாலும் உயிர்வாழ்வில் பெரிய வேறுபாடு இல்லை. ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். அப்படித் திரும்ப வருவது உயிர்வாழ்வைக் கணிசமாகக் குறைக்கும். எனவே அறுவை சிகிச்சைக்குப் பின் கேட்க வேண்டியது, "ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா?" என்பதே. நாளங்களையும் நரம்புகளையும் கட்டி சூழ்ந்துவிட்ட நிலையில் மருத்துவர் கால் நீக்கத்தைப் பரிந்துரைத்தால், இந்தச் சுத்தமான ஓரத்திற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்.

கட்டியில் 90 விழுக்காடு செத்திருக்க வேண்டுமாம். எங்களுக்கு 80தான் வந்தது. தோற்றுவிட்டோமா?

ஆஸ்டியோசார்கோமாவுக்கு வழக்கமாக ஏறத்தாழ பத்து வாரம் கீமோ கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்வார்கள். எடுத்த கட்டியில் எவ்வளவு பகுதி மடிந்திருக்கிறது என்று நோயியல் நிபுணர் அளப்பார். 90 விழுக்காட்டிற்கு மேல் மடிந்திருந்தால் நல்ல எதிர்வினை. அத்தகையோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் நெடுநாள் வாழ்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களில் இது பாதியை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கிறது. இது தேர்ச்சி, தோல்வி என்று பிரிக்கும் தேர்வு மதிப்பெண் அன்று. 80 பெற்றவர்களிலும் பாதிப் பேரளவு நலமாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்து வரும் கேள்வி, "அப்படியானால் இன்னும் கடுமையான மருந்து கொடுக்கக் கூடாதா?" என்பது. ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று, இதே கேள்வியைத்தான் கேட்டது. எதிர்வினை குறைந்தவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய வழக்கமான மூன்று கீமோ மருந்துகளோடு ஐஃபாஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, பக்கவிளைவுகள் கூடினவே தவிர நோய் திரும்புவது குறையவில்லை. ஆகவே மருத்துவர் பழைய மருந்துகளையே தொடர்ந்தால், உங்கள் பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் கிளறிவிட்டதுபோல் பரவும் என்கிறார் பெரியப்பா. பயாப்சி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பயாப்சி இல்லாமல் வகையும் தரமும் தெரியாது. அவை தெரியாமல் சிகிச்சையே இல்லை. ஆனால் பெரியப்பாவின் அச்சத்தில் ஓர் உண்மைத் துளி இருக்கிறது. ஊசி சென்ற பாதையில் நோய் அணுக்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், பின்னர் அறுவை சிகிச்சையின்போது அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதற்கு ஏற்ற இடத்தில் ஊசி நுழைந்திருக்க வேண்டும். தவறான பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலும் போகலாம்.

அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் 1982-இலும் மீண்டும் 1996-இலும் இதை ஆராய்ந்தார்கள். இறுதிச் சிகிச்சை அளிக்கும் நிலையத்திற்கு வெளியே எடுக்கப்பட்ட பயாப்சிகளில் பிழைகள் பல மடங்கு அதிகமாக இருந்தன. பதினான்கு ஆண்டு இடைவெளியிலும் நிலைமை திருந்தியிருக்கவில்லை. நம் கையில் உள்ள காரணங்களில் முதன்மையானது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்: முழு எம்ஆர்ஐ எடுத்த பிறகு, கட்டியை அகற்றப்போகும் குழுவே முதல் ஊசியையும் போட வேண்டும். சாதாரணக் கட்டி என்று நினைத்து வேறெங்கோ அவசரமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு இங்கு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்லும் செய்தியை மொழிபெயர்ப்பதுதான் எனக்கு மிகக் கடினமான வேலை.

மூன்று மாதமாக முழங்கால் வலி. கால்பந்தில் பட்ட அடி என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டோம். எங்களால்தான் முற்றிவிட்டதா?

அடியால் இந்த நோய் வருவதில்லை. அடிபட்டதால் அந்த இடம் கவனத்துக்கு வருகிறது, அவ்வளவே. தாமதத்தைப் பொறுத்தவரை, அறிகுறி தொடங்கியதற்கும் நோய் கண்டறிவதற்கும் இடைப்பட்ட காலம் நீண்டால் உயிர்வாழ்வு அதே அளவில் குறையும் என்று ஆய்வுகள் நேர்க்கோடாகக் காட்டவில்லை. வேகமாக வளரும் கொடிய கட்டி விரைவில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மெதுவானது மாதக்கணக்கில் மறைந்திருக்கிறது. ஆகவே கடந்துபோன மூன்று மாதத்திற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்வதில் பயனில்லை.

இனி வரும் நாள்களுக்கு ஒன்று சொல்வேன். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஓய்விலும் விடாத வலி, நாளுக்கு நாள் தடிக்கும் வீக்கம் ஆகியவை இருந்தால், தேசியச் சேவைப் பயிற்சியின் களைப்பு என்றோ வளர்ச்சி வலி என்றோ தள்ளிவிடாமல் பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) எக்ஸ்ரே கேளுங்கள். காரணம் தெரியாத வீக்கத்தை உருவிவிடுவதும் அழுத்திப் பிடித்துவிடுவதும் கூடாது. பலவீனமான எலும்பு முறிந்துவிடலாம்.

எலும்பு முறிந்தே வந்துவிட்டோம். இனிக் காலை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, இப்போது இல்லை. முறிவு இருந்தாலும் பலருக்குக் காலைக் காப்பாற்ற முடிகிறது. சில ஆய்வுகளில் முறிவு உள்ளவர்களின் உயிர்வாழ்வு சற்றுக் குறைவாகக் காணப்படுவதும் உண்மை.

தீபாவளிக்கு வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு சுற்றுக் கீமோவைத் தள்ளிப்போடலாமா? சாதாரண நிலைத் தேர்வும் வருகிறது.

வெள்ளணுக்கள் குறைந்ததால் மருத்துவரே தள்ளிவைப்பது வேறு. நாமாகத் தள்ளிவைப்பது வேறு. பரவாத யூயிங் சார்கோமாவில், மூன்று வாரத்திற்கு ஒருமுறை கொடுத்த அதே மருந்துகளை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கொடுத்த ஆய்வில், நோய் திரும்பாமல் ஐந்தாண்டைக் கடந்தவர்களின் விழுக்காடு 65-இலிருந்து 73-ஆகக் கூடியது. மருந்து மாறவில்லை, இடைவெளி மட்டுமே மாறியது. தேர்வைத் தள்ளிவைக்கப் பள்ளியிடம் பேசலாம். தீபாவளி தேதியை முன்கூட்டியே சொன்னால், சுற்றின் நாள்களை அதற்கேற்ப அமைக்க முடியுமா என்று தாதியர் பார்த்துச் சொல்வார்கள்.

கீமோவோடு நாட்டு மருந்தும் கொடுத்தால் உடம்பு தாங்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

மருத்துவரிடம் காட்டாமல் எதையும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும் நாள்களில், அது சிறுநீர் வழியே உரிய நேரத்தில் வெளியேறியாக வேண்டும். ஐபுபுரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்கான சில மாத்திரைகளும்கூட அதைத் தடுத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஃபோலிக் அமிலம் சேர்ந்த சத்து மாத்திரை மருந்தின் வேலையையே கெடுக்கலாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுநீரகம் கெட்டால் அடுத்த சுற்றுத் தள்ளிப்போகும். அதன் விளைவை முந்தைய பதிலில் சொன்னேன்.

செலவுக்குப் பயந்து ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்கிறார் மாமா. அது உயிருக்குப் பாதகமா?

இடம் பாதகமில்லை, இடையில் மாறுவதுதான் பாதகம். அடையாறு புற்றுநோய் நிலையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் இந்நோயில் நீண்ட அனுபவம் உள்ளவை. போவதென்றால் பயாப்சிக்கு முன்பே முடிவெடுப்பது மேல். அதற்குப் பிறகென்றால், பயாப்சித் திசு வைக்கப்பட்ட கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஸ்கேன் வட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் கணக்குக் கேளுங்கள். 2022 செப்டம்பர் முதல் வெளிநோயாளிப் புற்றுநோய் மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசிய மருத்துவக் காப்புறுதி வழங்கும் தொகை, சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலைப் பொறுத்தே அமைகிறது. உங்கள் மருந்துகள் அதில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்று தெரியாமலேயே பயந்துவிடுகிறவர்கள் பலர்.

மறுபடியும் வந்துவிட்டது என்றால் எல்லாம் முடிந்துவிட்டதா?

மிகக் கடினமான கட்டம்தான். முடிவு என்று சொல்லிவிட முடியாது. இங்கே மூன்று காரணங்கள் எடை போடப்படுகின்றன. சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் கழித்துத் திரும்பியது, எத்தனை முடிச்சுகள், அவை எல்லாவற்றையும் அகற்ற முடியுமா. இரண்டு ஆண்டுக்குப் பிறகு நுரையீரலில் ஒன்றிரண்டு முடிச்சாகத் திரும்பி, முழுவதும் வெட்டியெடுக்கப்பட்ட ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் கணிசமானோர் மீண்டும் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே பல இடங்களில் திரும்புவது அதற்கு நேர்மாறான நிலை. நுரையீரல் ஸ்கேன்களைத் தவறவிடக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது, முடிச்சுகள் சிலவாகவும் சிறியனவாகவும் இருக்கும்போதே பிடிப்பதற்காகத்தான்.

ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இனி மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாம் அல்லவா?

போக வேண்டும், இடைவெளி கூடும், அவ்வளவே. யூயிங் சார்கோமா சிலருக்கு ஐந்தாண்டுக்குப் பிறகும் திரும்பியிருக்கிறது. அதைத் தவிர, உயிரைக் காத்த மருந்துகளுக்கும் நெடுங்கால விலை உண்டு: டாக்சோரூபிசின் பல ஆண்டுகள் கழித்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம், சிஸ்பிளாட்டின் செவித்திறனையும் சிறுநீரகத்தையும் பாதித்திருக்கலாம், சிறுபான்மையினருக்கு வேறொரு புற்றுநோய் வரலாம். குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால், மரபணு ஆலோசனையும் கேளுங்கள்.

சிகிச்சை முடியும் நாளில் ஒரு தாள் கேட்டு வாங்கி வையுங்கள். நோயின் முழுப் பெயர், தரம், அறுவை சிகிச்சை நடந்த நாள், பொருத்தப்பட்ட மூட்டின் விவரம், டாக்சோரூபிசின் மொத்தம் எவ்வளவு கொடுக்கப்பட்டது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் முன் உட்காரும்போது, உங்கள் மகனுக்கோ மகளுக்கோ இந்த விவரங்களில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.